தத்தன் நின்ற வாசல்

திருக்கோவிலூர் என்றதும் உலகளந்த பெருமாளைச் சொல்வார்கள்; மழையிரவில் முதலாழ்வார்கள் மூவரும் நெருங்கி நின்ற இடைகழியைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவு வருகிறவன் தத்தன். இந்த ஊரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் பள்ளியறை வாசலில் காவல் நின்றவன்.

பெரியபுராணத்தில் அந்த இரவை எத்தனை முறை படித்தாலும் அவனிடம்தான் நின்றுவிடுகிறேன். மெய்ப்பொருளாரிடம் போரில் தோற்றுத் தோற்றுச் சலித்த பகையரசன் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வருகிறான். வாசல் வாசலாக வழிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கடைசி வாசலில் தத்தன் ஒருவன்தான், அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்துப் போகவேண்டும் என்று தடுக்கிறான். வந்தவன் அதைக் கேட்காமல் உள்ளே போய்விடுகிறான். எங்குமே கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். அரசி உடனிருக்கக் கூடாது, தனியாகத்தான் சொல்வேன் என்கிறான். அரசர் அவளை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் இருத்தித் தான் தரையில் அமர்ந்து வணங்குகிறார். அப்போது அவன் கத்தியை எடுத்துக் குத்திவிடுகிறான்.

நீறு பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது அந்தத் ‘தனியாக’. இன்று போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவனும், வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே என்றுதான் ஆரம்பிக்கிறான். அப்படி ஒரு குரல் கேட்டால் போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மெய்ப்பொருளாரை நான் குறை சொல்லமாட்டேன். அடியார் வேடமே மெய் என்று வாழ்ந்தவர். குத்தியவனையும் ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னவர். ஆனால் ஒரு வங்கியின் சின்னத்துக்கு அந்த பக்தியை நாம் செலுத்தவேண்டியதில்லை.

இன்று நம் வாசல்களுக்குப் பூட்டு பாஸ்வேர்டுதான். பிள்ளை பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து, அதையே மெயிலுக்கும் வங்கிக்கும் கடைக்கும் வைக்கிறோம். எங்கோ ஒரு கடையின் பாஸ்வேர்டு பட்டியல் களவுபோனால் திருடன் அதே சொல்லை எல்லா வாசலிலும் போட்டுப் பார்ப்பான். ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு, அதுவும் நீளமாக வேண்டும். காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமே 2017இல் கைவிட்டது. அத்தனையையும் மனத்தில் வைக்க யாராலும் ஆகாது. அதற்குத்தான் அவற்றைச் சேமித்துவைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலி. மெயிலுக்கு மட்டுமாவது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடவேண்டும், மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அதன் வழியாகத்தான் போகிறது.

மேனேஜரில் எனக்கு மிகவும் பிடித்தது, அதற்கு நீறு தெரியாது என்பதுதான். வங்கியின் பக்கத்தை அச்சு அசலாக வரைந்து வைத்திருந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் தானாக நிரப்பாமல் நின்றுவிடும். அப்போது பலர் எரிச்சலோடு பாஸ்வேர்டைத் தாங்களே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது நிரப்ப மறுத்தால் முதலில் அந்த முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.