நாகர்களும் முத்துப்பட்டனும்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. அமீஷ் திரிபாதியின் சிவா முத்தொகுதியை இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு அப்புறம் திட்டக்கூடாது. க்ளைமாக்ஸ் உட்பட எல்லாமே கீழே உடைபடப் போகிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமீஷ் கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்துவிட்டு நிதித்துறையில் வேலை பார்த்தவர். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதையைக் கடைசியில் தானே முயன்று 2010-ல் வெளியிட்டார். அதுதான் மெலூஹாவின் அமரர்கள். 2011-ல் நாகர்களின் இரகசியம் வந்தது, 2013-ல் மூன்றாம் பாகம் வந்து கதை முடிந்தது. மூன்றுமே தமிழிலும் கிடைக்கின்றன. அடிப்படை ஐடியா இதுதான்: சிவன் கடவுள் இல்லை. கி.மு. 1900 வாக்கில் கைலாயப் பக்கம் வாழ்ந்த ஒரு மலைஜாதித் தலைவன். அவன் செய்த காரியங்கள்தான் பின்னால் அவனைக் கடவுளாக்கின.

இந்தப் பதிவு இரண்டாம் பாகத்தைப் பற்றி. சீக்வெல் எழுதுவது எப்பவுமே சிரமம். முதல் பாகத்தில் புதுமையே பாதி வேலையைப் பார்த்துவிடும். சிவன் சிலும்பி பிடிக்கிறான், நடனம் ஆடுகிறான், சதியைப் பார்த்து வழிகிறான் என்று படிக்கிறவன் வாயைப் பிளந்துகொண்டே பக்கத்தைத் திருப்புவான். இரண்டாம் பாகத்தில் அந்த ஆச்சரியம் தீர்ந்துபோயிருக்கும். கதைதான் நிற்க வேண்டும்.

முதல் பாகம் முடிகிற இடத்தில், முகமூடி போட்ட ஒரு நாகன் அயோத்தியில் சதியை நெருங்குகிறான். சிவன் பாய்கிறான். அவ்வளவுதான், தொடரும் போட்டுவிட்டார்கள்! ஆங்கிலத்தில் படித்தவர்கள் பதினெட்டு மாதம் காத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த முகமூடி கழன்றால் உள்ளே யானை போன்ற முகம். சதிக்கு முதல் கல்யாணத்தில் பிறந்து, செத்துப் பிறந்ததாக அவளிடமே பொய் சொல்லி ஒளிக்கப்பட்ட மகன். பெயர் கணேஷ். ஒளித்தது வேறு யாருமில்லை, சதியின் அப்பா தட்சன்.

தெருவுக்கு ஒரு பிள்ளையார் உள்ள திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையில் மணிமூர்த்தீஸ்வரத்தில் பிள்ளையாருக்கென்றே கோபுரத்தோடு தனிக்கோயில் உள்ள ஊரில், இந்த சஸ்பென்ஸ் எத்தனை பக்கம் தாங்கும்? யானை முகம் என்றதும் அஞ்சு வயசுப் பிள்ளையே பேரைச் சொல்லிவிடும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை என்றுதான் படித்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்கிற ஆச்சிகளுக்கு முடிவு தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? என்ன நடக்கும் என்பது தெரியும். எப்படி நடக்கும் என்பதைக் கேட்கத்தான் உட்காருகிறார்கள்.

வில்லுப்பாட்டு என்றதும் இன்னொன்று. மனிதன்தான் செயலால் தெய்வமாகிறான் என்ற அமீஷின் ஐடியாவை ஊரெல்லாம் புதுசு என்று கொண்டாடியது. நெல்லைச் சீமைக்கு இது புதுசே இல்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாரில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனாக நிற்பவர் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அந்தத் தொழிலையும் ஏற்று, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த மனிதர். இன்றைக்கும் அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. சாதி வேண்டாம் என்று ஒதுக்கியவர்களோடு போய் நின்றவன் சாமியானான். அமீஷின் கதையிலும் அதேதான் நடக்கிறது. உலகமே பயந்து ஒதுக்கிய நாகர்களின் பக்கம் சிவன் மெதுவாக நகர்கிற கதைதான் இரண்டாம் பாகம்.

மெலூஹாவில் விகர்மா என்று ஒரு சட்டம். ஒருவருக்குக் கெட்டது நடந்தால் அது போன பிறவிப் பாவம், அதனால் அவரைத் தொடக்கூடாது. சதியே அப்படி ஒதுக்கப்பட்டவள். உடல் குறையோடு பிறந்த குழந்தைகள் நாகர்கள், அவர்கள் நர்மதைக்குத் தெற்கே போய்விட வேண்டும். இது கற்பனைதானே என்று சிரித்துவிட முடியாது. காது கேளாத பிள்ளையைப் பெற்ற அம்மாவிடம் "என்ன பாவம் செஞ்சாளோ" என்று சொல்கிற வாய்கள் நம் பஸ்ஸிலும் உண்டு, கல்யாண வீட்டிலும் உண்டு. அதே சீமையில்தான், பாளையங்கோட்டையில், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். பாவம் என்று சொல்வதற்குப் பதில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அமீஷ் இந்தப் பாவத்தை எப்படிக் கணக்குத் தீர்க்கிறார் என்பது மூன்றாம் பாகத்தில் தெரிகிறது. பி.காம். பசங்களுக்கு அது சட்டென்று புரியும். நாகர்கள் அப்படிப் பிறக்கக் காரணம் பாவம் இல்லை, சோமரசம். மெலூஹாக்காரர்களுக்கு நீண்ட ஆயுள் தருகிற அதே மருந்து. அதைத் தயாரிக்க சரஸ்வதியின் தண்ணீர் போகிறது. அதன் கழிவு ஆற்றில் கலந்து பிரங்க நாட்டுக்கு நோயாகப் போகிறது. வரவு ஒரு ஊரின் பேரேட்டில், செலவு இன்னொரு ஊரின் தலையில்! பேலன்ஸ் ஷீட்டில் வராத இந்தச் செலவுக்கு மெலூஹா வைத்த பெயர்தான் "முற்பிறவிப் பாவம்". வசதியான பெயர். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. சண்டைகள் நீளம். பயணங்கள் அதைவிட நீளம். காசியில் நிற்கிற ஆட்கள் இன்றைய ஆபீஸ் கேன்டீனில் பேசுவது போலப் பேசுகிறார்கள். நடுநடுவே விஞ்ஞான வகுப்பு வேறு. கடைசிப் பக்கத்தில், இறந்துவிட்டதாக நம்பிய பிருகஸ்பதி பஞ்சவடியில் உயிரோடு பாடம் நடத்துவது கொஞ்சம் சினிமாத்தனம்தான்.

ஆனாலும் ஒரு காட்சிக்காக இதைப் படிக்கலாம். மகன் உயிரோடிருப்பது தெரிந்ததும் சதி அவன் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை, நாட்டின் சட்டத்தையும் யோசிப்பதில்லை. தன் பிள்ளை என்று ஏற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

பாபநாசத்தில் இந்திரனுக்கு ஒட்டிய பாவமே நீங்கியதாகத் தலபுராணம் சொல்கிறது. தேவராஜனின் நிஜப் பாவத்தையே கழுவிவிடுகிற ஆறு ஓடும் ஊர் இது. ஒரு தப்பும் செய்யாமல் பிறந்த பிள்ளையின் மேல் பாவத்தைப் பூசுவது எந்த ஊர் நியாயம்? அடுத்த தடவை பஸ்ஸில் யாராவது "என்ன பாவம் செஞ்சாளோ" என்று ஆரம்பித்தால், தெருமுனைப் பிள்ளையாரைக் கைகாட்டிக் கேளுங்கள் மக்கா... இவர் அம்மா என்ன பாவம் செய்தாள் என்று.