பால் குடிக்கும் துணி

ராகு-கேது பரிகாரத்தை முடித்த கையோடு காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்கு பஸ் பிடிக்கும் தமிழ்நாட்டு பக்தர்களில் பலருக்கு, அந்த ஊரின் இன்னொரு பெருமை கண்ணில் படுவதில்லை. கண்ணுக்கு முன்னால் அது மூக்கில்தான் படும். கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் ஊறிய பருத்தித் துணி வெயிலில் காயும்போது கிளம்பும் வாடை அப்படி. கலம்காரி ஓவியம் தொடங்குவது அந்த வாடையில்தான்.

வெறும் பருத்திக்குத் தாவரச் சாயத்தின் மேல் பெரிய பற்றுதல் கிடையாது. தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கும். அதோடு உள்ளே போன சாயத்தைச் சலவையில் துப்பிவிடும். இந்தப் பழக்கத்தைத் திருத்தத்தான் கடுக்காய். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின் நூலிழையில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் உலோகத்துக்கு இடம் பிடித்து வைக்கிறது. பாலின் வேலை வேறு. அதன் கொழுப்பும் புரதமும் இழைகளின் இடைவெளியை அடைப்பதால், மூங்கில் பேனாவிலிருந்து இறங்கும் மை பரவாமல் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. பால் இல்லையென்றால் ராமரின் வில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறைதான் மிஞ்சும்.

அந்த மைக்குப் பெயர் கசிமி. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்து எடுப்பது. பேனாவில் இருக்கும்வரை அதில் கறுப்பு சரியாகத் தெரியாது. துணியிலுள்ள டானினைத் தொட்டு, காற்றும் பட்ட பிறகே கறுக்கிறது. நிறம் துணியின் மேல் பூசப்படுவதில்லை, துணிக்குள்ளேயே பிறக்கிறது. சிவப்பு இதைவிட விசித்திரம். சிவப்பு வேண்டிய இடங்களில் ஓவியர் தடவுவது படிகாரக் கரைசல். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிறகு துணி முழுவதையும் சாய வேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரத்தின் அலுமினியம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் சிவப்பு சிக்கிக்கொள்கிறது. மற்ற இடங்களில் லேசான அழுக்கு நிறம்தான்.

இந்த வித்தைக்காக ஐரோப்பா தவியாய்த் தவித்தது. உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-ல் இந்தச் சித்திரத் துணிகளுக்குத் தடையே போட்டது. 1742-ல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில், கடுக்காய், எருமைப்பால் உள்பட முழுச் செய்முறையையும் ஊருக்கு அனுப்பி வைத்தார். இன்றைக்கென்றால் அதற்குத் தொழில் உளவு என்று பெயர். 1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் சாய வேரின் சிவப்பான அலிசரினை ஆய்வகத்திலேயே தயாரித்துவிட, வேர் தோண்டும் தொழில் படுத்தது. மங்கிக் கிடந்த கலைக்கு உயிர் கொடுக்க, கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியில் 1957-ல் காளஹஸ்தியில் பயிற்சி மையம் வந்தது. ஊரின் முன்னணிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 2022-ல் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஓவியர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. அவர்கள் கவலை தண்ணீர். துணி பிடித்துக்கொண்ட சாயத்தைவிடப் பிடித்துக்கொள்ளாத சாயம்தான் பெரிய தலைவலி. அதை ஓடும் நீரில் அலசி விரட்ட வேண்டும், அதுவும் ஒரே துணியைப் பலமுறை. தொட்டியில் அலசினால் கழன்ற சாயம் எங்கும் போகாது. திரும்பி வந்து வெற்றிடங்களில் படிந்து தெய்வங்களின் முகத்தை மங்கலாக்கிவிடும். ஸ்கிரீன் பிரிண்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதுவும் 'கலம்காரி' என்ற அதே பெயரில், குறைந்த விலையில் விற்கிறது. வாரக்கணக்கில் கையால் வரைந்தவர் அதோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி, வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் தண்ணீர் வரும். அப்போது துணி காய வெயில் இருக்காது.