அறுபதாயிரம் ரூபாயும் ஒரு பூட்டிய ஷெட்டும்

ரொம்ப நாளாயிற்று எழுதி. ஆபீசில் ஆடிட், பையனின் பரீட்சை, வாசலில் பனி அள்ளுவது என்று சாக்குக்குப் பஞ்சமில்லை :-) இன்றைக்கு எழுத வைத்தது மாமா.

டொராண்டோவில் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி என்றால் ஊரில் ஞாயிறு காலை ஆறரை. மாமா பால் சொசைட்டிக்குப் போய்விட்டு வந்து, கட்டன் சாயா கையில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார். போன வருஷம் ஜனவரியில் அப்படி ஒரு போன்.

"மக்ளே, ஒறங்கலியே? ஒரு அப்ளிகேஷன் எழுதணும். கிராண்ட்டு."

மாமா ஒரு சின்ன நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அம்மா வீடு களியக்காவிளை பக்கம், அப்பா வீடு இந்தப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

நெசவு எங்களுக்கு வந்தது பலராமபுரத்திலிருந்து. திருவிதாங்கூர் மகாராஜா பலராமவர்மா காலத்தில் வள்ளியூர் பக்கமிருந்து சாலியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். சிங்கிள் தெரு, டபுள் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அங்கே தெருக்களே உண்டு. விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதை என் வயசுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். பலராமபுரம் துணிக்கு இப்போது புவிசார் குறியீடு உண்டு. குழித்தறியில் காலை விட்டு உட்காரத்தான் ஆளில்லை. மாமாவின் சங்கத்தில் ஒரு காலத்தில் நாற்பது தறி. இப்போது ஓடுவது பதினொன்று. வேலை செய்யும் உறுப்பினர்கள் 24 பேர், பாதிக்கு மேல் பெண்கள்.

கேட்டது பெரிய தொகை இல்லை. ஷெட்டின் ஓடு மாற்ற, தறிகளைப் பழுது பார்க்க, வயரிங் செய்ய, எல்லாம் சேர்த்து 6 லட்சம். அதில் 10 சதவீதம் சங்கத்தின் சொந்தப் பங்கு. அதாவது 60,000 ரூபாய். ஆளுக்கு 2,500.

நான் சட்டென்று சொன்னேன்: "மாமா, அத நான் அனுப்புறேன். இங்க ஆயிரம் டாலர ஒட்டித்தான் வரும். நீங்க மத்தத பாருங்க."

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நீ பைசா தரண்டாம் மக்ளே. அந்த ஷெட்டு நெனவிருக்கா?"

நினைவில்லாமல் எப்படிப் போகும்.

அப்போது நான் பி.காம் முடித்து, ஊருக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் ஆபீசராகச் சேர்ந்த புதிது. வயசு 26. சங்கத்துக்கு ஒரு உதவித்தொகை வரும் என்று தெரிந்ததும் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தது நான்தான். வேறொரு ஊரின் ரிப்போர்ட்டைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் மாற்றி, ஒரே ராத்திரியில். மோட்டாரில் பாவு ஓட்டும் மெஷின். ரிப்போர்ட் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். பணம் வந்தது, மெஷினும் வந்தது. மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள்.

ஆனால் அந்த மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். என் எஸ்டிமேட்டில் கனெக்‌ஷன் செலவு இல்லை, மாதாமாதம் கட்டவேண்டிய பில் இல்லை, ஓட்டத் தெரிந்த ஆளின் கூலி இல்லை. சொந்தப் பங்கை யாரோ ஒரு நல்ல மனுஷர் கட்டிவிட்டார். உறுப்பினர் ஒருவர் கையிலிருந்தும் ஒரு ரூபாய் போகவில்லை. அதனால் மெஷின் ஓடாதபோது ஒருவரும் வந்து கேட்கவுமில்லை. ஷெட்டைப் பூட்டினார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து அது இரும்பு விலைக்குப் போனது. அதற்குள் நான் கனடா வந்தாயிற்று. இத்தனை வருஷத்தில் மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு மெஷினில் இல்லை, என் காகிதத்தில் என்பது எனக்குத் தெரியும்.

இலவசப் பணம் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. 1970-ல் ஆபரேஷன் ஃப்ளட் ஆரம்பித்தபோது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் உலக உணவுத் திட்டம் வழியாகச் சும்மாதான் கொடுத்தது. அதை ஊர் ஊராக இலவசமாக ஊற்றியிருந்தால் நம் பால்காரர்களுக்கு விலை கிடைக்காமல் போயிருக்கும். குரியனும் கூட்டாளிகளும் அதைப் பாலாக்கி நகரங்களில் விற்று, அந்தக் காசைக் கூட்டுறவுப் பால் சங்கங்களுக்கான வேலைகளில் போட்டார்கள். கேரளத்தில் 1980-ல் மில்மா வந்தது அதன் இரண்டாம் கட்டத்தில். என் அத்தை இன்றும் காலையில் பால் ஊற்றுகிற சொசைட்டிக்குப் பின்னால் அந்தக் கதை இருக்கிறது. தானமாக வந்ததை மூலதனமாக மாற்றத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் இருக்கும் நாட்டில் வேறொரு கதை. அல்போன்ஸ் தெஜார்தான் என்பவர் ஒட்டாவா பாராளுமன்றத்தில் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர். கந்துவட்டி பற்றிய ஒரு விவாதம் அவரை உறுத்த, 1900-ல் கியூபெக்கின் லெவி ஊரில் ஒரு கூட்டுறவுச் சேமிப்பு நிலையம் தொடங்கினார். முதல் டெபாசிட் 10 சென்ட் என்பார்கள். இன்று கனடாவின் பெரிய நிதி நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த வாரம் நானே மாமாவைக் கூப்பிட்டேன். "பணம் அனுப்பல. பேப்பர நான் சரியா செய்யறேன்" என்றேன். "அது போரும்" என்றார்.

இப்படி ஊர்ச் சங்கங்களுக்கு உதவ நினைப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மூன்று வருஷ ஆடிட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அது நிலுவையில் இருந்தால் மனு மேஜையைத் தாண்டாது. மாமாவிடம் ஒரு வருஷம் பாக்கி இருந்தது, முடிக்க இரண்டு மாதம் பிடித்தது.

இரண்டாவது, பல திட்டங்களில் பணம் முதலில் வராது. செலவு செய்து பில் காட்டிய பிறகு வரும், அல்லது கடனோடு சேர்ந்து வந்து கடைசியில்தான் கழியும். நடுவில் உள்ள மாதங்களைத் தாங்கச் சங்கத்திடம் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, கிராண்ட் வருமானம் இல்லை. எங்கள் சின்னச் சங்கங்களில் இதை வரவில் எழுதி லாபம் காட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் அதே கணக்கு நஷ்டமாகச் சிரிக்கும். ஷெட்டுக்கு வந்த பணம் ஷெட்டின் மதிப்போடுதான் நிற்க வேண்டும். கணக்கியல் தரநிலை 12 சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு ஒவ்வொரு பில்லும் வேண்டும்.

நான்காவது, மூன்றாம் வருஷத்தில் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனால் யார் காசில் மாற்றுவார்கள்? இதற்குப் பதில் இல்லாத ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடலாம். நான் 26 வயசில் எழுதியது அப்படிப்பட்டது.

பொதுக்குழுவை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். தீர்மானத்தை மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். கேரளத்தில் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஃபைல் நகர மலையாளம்தான் லேசு என்பது மாமாவின் கட்சி. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, "மனசிலாச்சா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். 2,500 ரூபாய் என்றதும் ஒரே கலகலப்பு. ஒரு அக்கா எழுந்து, "பைசா ஒண்ணிச்சு எடுக்க எங்கயிருந்து வரும்? வாரம் நூறு வச்சுத் தாறோம்" என்றார். நூறு ரூபாய், 25 வாரம், 24 பேர். மனக்கணக்குப் போட்டேன், சரியாக 60,000. பத்து நிமிஷத்தில் முடிந்தது, பி.காம் தேவைப்படவில்லை :-)

எல்லா வாரமும் சுலபமாக இல்லை. ஒரு வாரம் ஐம்பதுதான் கொடுத்தவர் அடுத்த வாரம் நூற்றைம்பது கொடுத்தார். ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அவர் பங்கை இரண்டு பேர் கைமாற்றாகப் போட்டார்கள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. மாமா வாரா வாரம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். ஜூலைக் கடைசியில் தொகை நிறைந்தது, ஆகஸ்டில் மனு போனது. இந்தத் தடவை எஸ்டிமேட்டில் கரண்ட் பில் இருக்கிறது, பழுதுக்கென்று மாதம் ஒதுக்கும் தொகையும் இருக்கிறது.

பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். "வரல்லேண்ணா அந்த அறுபதுல ஓட மட்டும் மாத்துவோம், அதுக்கு யாருட்டயும் கேக்கண்டாம்" என்கிறார் மாமா.

என் ஆயிரம் டாலர்? அதையும் கேட்டேன். "பைசா தரணும்ணா துணி வாங்கு" என்றார். ஓணத்துக்கு இங்கே தெரிந்த குடும்பங்களில் ஆர்டர் பிடித்து, வேட்டியும் நேரியதுமாக வரவழைத்தோம். விலை குறைத்துக் கேட்டேன். மாமா குறைக்கவில்லை. பார்சலுக்குள் ரசீது இருந்தது. என் பெயர், உருப்படி எண்ணிக்கை, கீழே சங்கத்தின் சீல்.

அந்த ரசீதை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.