மூடுபனிக்கு முன் தீட்ட வேண்டிய முகம்

அப்புத்தளையில் கோயில் பெயிண்டர்களுக்கு வேலை நேரம் குறித்துக் கொடுப்பது மூடுபனிதான். ஊர் ஒடுங்கிய மலைமுகட்டில் இருக்கிறது. பின்னேரமானால் தெற்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துவிடும். காயாத எனாமலில் அந்த ஈரம் இறங்கினால் பளபளப்புப் போய் வெளிறிவிடும். "பன்னெண்டு மணிக்கு மேல சாமி முகத்தைத் தொடமாட்டோம் தம்பி" என்றார் சாரத்தில் உட்கார்ந்திருந்த மூத்த பெயிண்டர்.

தம்பேதன்னைப் பாதையில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் அது. 1890இல் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. கும்பாபிஷேகம் நெருங்குவதால், மழை குறைந்த மாசியிலேயே வர்ண வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

வேலையில் பாதி, பழையதை அகற்றுவது. சுதைச் சிற்பங்களில் பாசியும் உரிந்த பெயிண்டும் ஏறிக் கிடக்கின்றன. இளையவர்கள் இருவர் கம்பிப் பிரஷால் சுரண்டி, விரல் இடுக்குகளைக் கூரிய கத்தியால் துப்புரவாக்கினார்கள். விரிசல் அடைத்து, வெள்ளைப் பூச்சு இரண்டு தடவை கொடுத்த பிறகே நிறம். சேலைக்கு முதலில் முழுச் சிவப்பு, மடிப்புக்குள் கருஞ்சிவப்பு, மேடேறும் இடத்தில் மஞ்சள் கலந்த சிவப்பு. நிறங்கள் சேரும் விளிம்பை ஈரம் காயுமுன் உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கரைக்கிறார் பெரியவர். ஓவியப் பள்ளிக்குப் போகாத கை. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதை ஒரு மடிப்பிலும் அது மறக்கவில்லை. கண் மட்டும் கடைசிக்கு.

அவருடைய பையில் பிளாஸ்டிக் உறையிட்ட பழைய சிவகாசிக் காலண்டர்கள் இருந்தன. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது தெய்வப் படம் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தது. பிறகு கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழர் வீடுகளின் சாமி முகத்தையே அமைத்தார்கள். அந்த முகங்கள் கடல் தாண்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களிலும் தொங்கின. காலண்டர் படம்தானே என்று அதை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறையாக நாள்தோறும் பார்த்து வணங்கிய ஓவியம் வேறு எது?

ஆனால் எல்லாச் சாமிக்கும் காலண்டர் கிடையாது. தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனியை ஒருமுறை வரையச் சொன்னார்களாம். "பார்த்து வரைய ஒண்ணுமில்ல. ஃபேக்டரில வேல செஞ்ச தாத்தா ஒருத்தர் சொல்லச் சொல்ல வரைஞ்சேன்" என்றார். அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. அதன் மேல் இப்போது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சாரத்துக்குக் கீழே நின்றார்கள். அந்தப் பத்து நிமிடம் போல ஓவியம் பற்றிய பேச்சை நான் எந்தக் காட்சிக்கூடத்திலும் கேட்டதில்லை.

"அண்ணே, நம்ம அம்மாவுக்கு மூக்கு இவ்வளவு கூரா இருக்காது."

"காலண்டர்ல இப்படித்தான் இருக்கு தங்கச்சி."

"காலண்டர் அம்மா வேற. இது எங்க பாட்டி கும்பிட்ட அம்மா."

பெரியவர் மறுபேச்சில்லாமல் மூக்கின் இரு பக்க நிழலையும் மெலிதாக்கினார். மூக்கு அகன்றது. முகமே வேறு ஒரு பெண்ணின் முகமாயிற்று. கீழே நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. வேலைக்கான பணம், மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடித்த கோயில் சந்தா.

அப்புத்தளைக்கு வரும் பயணிகள் சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகையைப் பார்க்கப் போகிறார்கள். லிப்டன் இருக்கைக்கு ஏறுகிறார்கள். போகும் வழியில் உள்ள தோட்டக் கோயில்களில் அவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். மலையகத் தமிழர் தாங்களே கேட்டு, தாங்களே திருத்தி, தாங்களே காசு கொடுத்து வரைவித்த ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன.

மண்டபத் தூண்களில் உபயகாரர் பெயர்கள் நிறைய. பெயிண்டர் பெயர் எங்கும் இல்லை. கேட்டபோது, "போன் நம்பர் போட்டா அடுத்த வேல வரும், அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. தோட்டத் தலைவரிடம் போய், உபயப் பலகையின் கீழே ஒரு வரி ஒதுக்குங்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார்.