இருபத்தெட்டாம் நாளுக்கு முன்: மல்காஜ்கிரிக் குறிப்புகள்

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியிலிருந்து லாலாகூடா வழியாகத் தார்நாகா போனால், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது குன்னூரிலிருந்து வந்தது என்று சொன்னால், ரயில்வே வேலைக்கு வந்து இந்தப் பக்கமே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள்கூட வியக்கின்றன. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய பெயர் 1969இல் வந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அறுபதுகளில் அதன் இயக்குநர்.

குன்னூர் நாட்களின் கதைகளில் என்னை விடாமல் பிடித்திருப்பது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் கதை.

*

வில்ஸ் 1928இல் பம்பாய் வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டார். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஆனால் அது பேன் வழியாகப் பரவிய ஒரு கிருமியின் வேலை என்று பிறகு தெரிந்தது. எலிகளை விட்டுக் குரங்குகளுக்கு மாறினார். ஒரு குரங்கு மார்மைட் தின்று தேறியது. மார்மைட் என்பது பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான களிம்பு. கர்ப்பிணிகளுக்கும் அதையே கொடுத்தார். சில நாட்களிலேயே ரத்தம் ஊறத் தொடங்கியது. 1931இல் அதை எழுதி வெளியிட்டார்.

கோடைக்குக் குன்னூர் ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறார். 1931 தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் பிரசவத்துக்குப் பெண்கள் போகிற அதே கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான். மார்மைட்டில் இருந்தது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்துக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்: ஃபோலிக் அமிலம்.

*

அதே திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளி. பீமவரத்துப் பையன் எல்லாப்ரகட சுப்பாராவ் மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியது அங்கிருந்துதான். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. கதர் அணிந்ததால் அறுவைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் பெற்றார். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் அவர் குடும்பத்தில் உயிர்ப்பலி வாங்கியிருந்தது. குடல் ஃபோலிக் அமிலம் உள்ளிட்ட சத்துகளை உறிஞ்ச முடியாமல் உடல் வற்றிப்போகும் நோய் அது.

வில்ஸ் கோஷாவில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுப்பாராவ் பாஸ்டனில், ஹார்வர்டில். 1940இல் லெடர்லே நிறுவனத்துக்குப் போனார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே நின்றிருந்தாலே பெரிய காரியம்.

*

ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கான எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செய்ய ஒரு கார்பன் அணு குறையும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஃபோலேட். அது இல்லாவிட்டால் செல் பெருத்துப்போகும், பிரியாது. பம்பாய்ப் பெண்களின் பெருத்த சிவப்பணுக்களுக்கு இதுதான் காரணம்.

அப்படியானால் வேகமாகப் பிரிகிற எதற்கும் இது வேண்டும். எலும்பு மஜ்ஜைக்கு, கருவுக்கு, நச்சுக்கொடிக்கு. புற்றுக்கும்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடித்தது. அப்படியென்றால் எதிர்மருந்து வேண்டும் என்று சுப்பாராவின் குழுவை நாடினார். ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றினால் அமினோப்டெரின். செல்லிலுள்ள நொதி அதை அசல் என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும், விடாது, வேலை நின்றுபோகும். 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனாலும் குழந்தைகளின் தீவிர ரத்தப்புற்று மருந்துக்கு அசைந்தது அதுதான் முதல் முறை. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் 53 வயதில் இறந்தார். நம் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் நியாயமான இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆற்றாமை.

*

அமினோப்டெரினின் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்சேட். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்கு (நச்சுக்கொடி கொப்புளங்களாக வளரும் கர்ப்பம்) பிறகு சிலருக்கு நச்சுக்கொடியின் செல்களே புற்றாகி நுரையீரல்வரை பரவும். 1956இல் அமெரிக்காவில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் அதற்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். பரவிய கட்டி மருந்தால் மட்டுமே முழுக்கக் குணமானது அதுவே முதல் தடவை. கட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும், கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் ரத்தத்தில் அடியோடு இல்லாமல் போகும்வரை லி மருந்தை நிறுத்தவில்லை. நோயாளிகளை வீணாக வதைக்கிறார் என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்னதுதான் சரி. 1972இல் லாஸ்கர் விருது வந்தது.

இன்று கருக்குழாயில் தங்கிய கருவைக் கத்தியில்லாமல் கரைக்கவும் இதே மருந்துதான்.

*

எதிர் ஃபிளாட் மாமிக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்; வேறு நாளில் ஃபோலிக் அமிலம். ஒரே சீட்டில் இரண்டும். வாரம் ஒரு முறை என்பதைத் தினமும் என்று படித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மாமி காலண்டரில் புதன்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர்கள் அட்டையிலேயே கிழமையை எழுதிக்கொடுக்க வேண்டும்.

*

அமினோப்டெரின் கர்ப்பத்தில் என்ன செய்யும் என்பது 1952இலேயே தெரிந்துவிட்டது. கலையாமல் தப்பிய கருக்களில் உறுப்புகள் கோணின. எதிர்மருந்து கெடுக்கிறது என்றால், சத்து குறைந்தாலும் கெடுமா? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வர 1991 ஆயிற்று. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, முன்பு நரம்புக் குழல் மூடாத குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தது. மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைந்தது. இந்தியாவிலும் இதேபோன்ற ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அந்த முடிவு வந்ததும் நிறுத்தினார்கள். தெரிந்த பிறகு வெற்று மாத்திரை கொடுப்பது அறமில்லை.

மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற அந்தக் குழல், கரு உருவான 28ஆம் நாளுக்குள் மூடிவிடும். அப்போது பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

*

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தினசரிச் சத்து மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகே கைக்கு வருகிறது. ரத்தத்துக்கு அது அவசியம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு சோகை. ஆனால் குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அது காலம் கடந்த மருந்து. கருத்தரிக்கும் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் என்று 2018ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. காகிதத்தில்.

ரேஷன் அரிசியில் ஃபோலிக் அமிலம் சேர்த்தார்களே என்று கேட்கலாம். விதிப்படி கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். தெலங்கானாவில் தலைக்கு மாதம் 6 கிலோ, அதாவது நாளுக்கு 200 கிராம். கிடைத்தது 15 முதல் 25 மைக்ரோகிராம். எங்கே 400?

இன்னும் அள்ளிக் கொட்டலாமே என்றால், ஃபார்பர் பார்த்ததை மறக்கக்கூடாது: ஏற்கெனவே முளைத்த புற்றுக்கும் இது தீனியாகலாம். எல்லோர் தட்டிலும் கொட்டுவதைவிட, வேண்டியவளுக்கு வேண்டிய மாதங்களில் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

*

அவளை எங்கே தேடுவது? இந்த மாநிலத்தில் தேடவே வேண்டாம். கல்யாண லக்ஷ்மி, ஷாதி முபாரக் திட்டங்களில் 1,00,116 ரூபாய் திருமண உதவிக்காக ஏழை மணப்பெண்களின் குடும்பங்கள் மீசேவா என்ற அரசு சேவை மையங்களில் மனுப் போடுகின்றன. பெயர், வயது, திருமணத் தேதி, முகவரி எல்லாம் அரசிடம் இருக்கிறது. காசோலை வரத் தாமதமானாலும் ஆகட்டும். மனு பதிவான வாரமே பக்கத்து பஸ்தி தவாகானா என்ற அரசுச் சிறு மருத்துவமனையிலிருந்து ஆஷா ஊழியர் மூன்று மாத ஃபோலிக் அமில அட்டைகளோடு அந்த வீட்டுக்குப் போகலாம். புதுப் பெண்ணிடம், மாமியாருக்கும் கேட்கும்படி, இது ஏன் இப்போதே என்று சொல்லலாம்.