110 ஹெர்ட்ஸில் ஒரு கிர்ர்

வெள்ளி, இரவு

ஏ தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் சுரத்தின் வாலில் ஒரு ‘கிர்ர்’ ஒட்டிக்கொண்டு வருகிறது. தடித்த ஈ தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே கிர்ர். இரண்டும் ஒரே சுரம், 110 ஹெர்ட்ஸ். ஒரு ஃப்ரெட் மேலே போனால் சத்தம் பாதியாகிறது. இன்னும் ஒன்று தாண்டினால் சுத்தமாக இல்லை.

இது ஒரு வகையில் நல்ல செய்திதான். தந்தி ஃப்ரெட்டில் உரசுவதாக இருந்தால் சத்தம் அந்தத் தந்தியையும் அந்த இடத்தையும் விட்டு நகராது. தந்தி வேறு, இடம் வேறு, சுரம் மட்டும் ஒன்று என்றால், அந்தச் சுரத்துக்கு எங்கோ ஏதோ ஒன்று கூடச் சேர்ந்து ஆடுகிறது என்று பொருள். கடைக்கு ஓடுகிற பலர் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்ப்பதில்லை. கடையில் ஆக்‌ஷனை உயர்த்தி, அதாவது தந்திகளை ஃப்ரெட்டிலிருந்து இன்னும் தூக்கிவைத்துத் தருவார்கள். அப்புறம் விரலும் வலிக்கும், கிர்ரும் இருக்கும்.

பெசன்ட் நகரில் கடற்காற்று வீசும் தெருவில் குடியிருப்பவன் ஏன் கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கினான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் பழைய மரக் கிட்டார் ஒவ்வொரு ஐப்பசியிலும் வயிறு உப்பி, தந்திகளை மேலே தூக்கிவிடும். கார்பன் உடல் மரம்போல ஈரம் குடித்து உப்பாது. ஆனால் அதன்மேல் மாட்டியிருக்கும் திருகும் பித்தளையும் பசையும் ஒயரும் எல்லாக் கிட்டாரிலும் இருப்பவைதானே? ஆகவே கார்பன் அல்லாத எல்லாமே சந்தேகப் பட்டியலில்.

சனி

தம்பி மகன் வந்திருந்தான். இருபது வயதுக் காது. நான் ஏ தந்தியை மீட்டிக்கொண்டே இருக்க, அவன் அறையைச் சுற்றி நடந்தான். “பெரியப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. ஷெல்ஃப்லேர்ந்தும் வருது.” ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவைத்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள்! எடுத்து அடுக்களைக்கு அனுப்பினோம். கிட்டாரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மீட்டிப் பார்த்ததில் மீதிச் சத்தம் கிட்டாருடையதுதான் என்பது உறுதியாயிற்று.

கீழே வந்து முறையாகத் தொடங்கினோம். தந்திகளுக்கு இடையில் துண்டைச் செருகி ஊமையாக்கினேன். ஒலித்துளைக்கு முன்னால் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். கைபேசியில் ஒற்றைச் சுரம் எழுப்பும் செயலி ஒன்று. 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெதுவாக 400 வரை ஏற்றினேன். கிட்டார் தானாகவே இரண்டு இடங்களில் முனகியது: 110ஐ ஒட்டி ஒன்று, 250ஐ ஒட்டி மற்றொன்று. நான் இதுவரை ஒரே கிர்ர் என்று நினைத்திருந்தது இரண்டு. பெரும்பாலும் இப்படித்தான் என்கிறார்கள் பழுது பார்ப்பவர்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகும் சத்தம் கேட்டால், செய்த வேலை தவறு என்று நினைத்து அதையும் கலைத்துவிடக் கூடாது.

ஒலியை 250இல் நிறுத்தி வைத்தேன். அவன் ஒவ்வொரு உறுப்பாக விரலால் அழுத்திக்கொண்டு வந்தான். எனக்கென்னவோ பிரிட்ஜ் பக்கமிருந்து வருவதாகவே கேட்டது. ஆனால் ஜி தந்தியின் டியூனிங் கீயைத் தொட்டதும் சத்தம் சட்டென்று நின்றது. இந்தக் கிட்டாரில் கழுத்தும் உடலும் ஒரே வார்ப்பு. தலையில் நடப்பது விறைப்பான கார்பன் வழியாக உடல் முழுக்கப் போய்விடும். சத்தம் பெரிய பரப்பிலிருந்து வருவதாகக் காது நம்பிவிடும். மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் இந்த ஏமாற்று வேலை நடக்காது. இனிமேல் அது கிட்டார் பெட்டியிலேயே இருக்கும்.

கீயின் முன்பக்க நட்டு கையாலேயே சுற்றியது. பத்து மில்லிமீட்டர் ஸ்பேனரால் பிடிப்பு வரும்வரை திருப்பி, அதற்குமேல் துளி. வேகம் காட்டினால் மரை வழுக்கிவிடும். மற்ற ஐந்தையும் பார்த்தேன், இரண்டு தளர்வு. கைப்பிடித் தலையில் இருக்கும் சிறு ஸ்க்ரூக்களையும் இறுக்கினேன். நீட்டிக்கொண்டிருந்த தந்தி முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒட்ட வெட்டினேன். 250 ஹெர்ட்ஸ் ஆசாமி போய்விட்டார்.

ஞாயிறு

110 எங்கே ஒளிந்திருக்கிறது? வெளியே தொட்ட இடத்திலெல்லாம் அழுத்திப் பார்த்தாகிவிட்டது. பிரிட்ஜ், ஸ்ட்ராப் பட்டன், வால்பக்க ஜாக்கின் நட்டு, எதிலும் அசைவில்லை.

ஒரு யோசனை. கிட்டார் வயிற்றிலிருக்கும் காற்றுக்கென்று ஒரு சுரம் உண்டு. காலி பாட்டில் வாயில் ஊதினால் எழுமே, அதே பௌதிகம். பெரும்பாலான கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். என்னுடையது சிறிய உடல், சற்று மேலே. துளையைப் பாதி மூடினால் அந்தச் சுரம் கீழே இறங்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வெட்டி ஒட்டினேன். கிர்ர் 110ஐ விட்டு ஜியை ஒட்டி, 98க்கு இறங்கி வந்தது! அப்படியானால் காற்று மூச்சு விடும்போது உடலின் சுவர் ஆட, அதோடு ஆடும் பொருள் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. தலைப்பக்கச் சத்தமாக இருந்தால் என் அட்டையை அது மதித்திருக்காது.

தந்திகளைத் தளர்த்தி, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டேன். மரக் கிட்டாரில் குறுக்குக் கட்டைகள் மறைக்கும். இதில் கட்டையே இல்லை, கருப்பாக ஒரு வெற்றறை. பிக்கப்பிலிருந்து ஜாக்குக்குப் போகும் ஒயரைப் பிடித்திருந்த ஒட்டுக் கிளிப் கழன்று, ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக் துண்டு பின்பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. கிர்ருக்கு வேண்டியது அந்த ‘தொட்டும் தொடாமலும்’தான், நன்றாக ஒட்டியிருந்தாலும் சத்தமில்லை, நன்றாக விலகியிருந்தாலும் சத்தமில்லை.

மாடி வீட்டில் பாட்டு வகுப்பு. நான் இங்கே கிர்ரை விரட்டிக்கொண்டிருக்க, அங்கே தம்புராவின் குதிரைமேல் நூலை நகர்த்தி நகர்த்தி அதை வரவழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜீவா நூல் இல்லாவிட்டால் தம்புரா மொட்டையாகக் கேட்கும். தந்தி குதிரையை உரசுவதில் பிறக்கும் மேற்சுரங்கள்தான் அதற்கு அழகு. ஆனால் அந்த உரசல் எல்லாச் சுரத்துக்கும் ஒரே சீராக வருவது. என்னுடையது ஏவுக்கு மட்டும் வந்து மற்றவற்றை விட்டுவிடுகிறது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

கார்பனைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் கேமன், அமெரிக்காவில் ஹெலிகாப்டர் கட்டியவர், தானும் கிட்டார் வாசித்தவர். அவருடைய ஓவேஷன் நிறுவனம் 1976இல் அடமாஸ் என்ற கிட்டாரைக் கார்பன் மேற்பலகையோடு வெளியிட்டது. ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்குவதே தொழிலாக இருந்தவருக்கு, அதிர வேண்டிய பலகை ஒன்றைச் செய்யத் தோன்றியது எனக்குப் பிடித்த விஷயம். பிறகு முழு உடலையும் கார்பனில் செய்த ரெயின்சாங்கைத் தொடங்கிய ஜான் டெக்கர் ஓர் இயற்பியலாளர். ஹவாயின் மௌயி தீவில் ஆரம்பித்தார். அங்கேயும் கடல், அங்கேயும் ஈரம். பெசன்ட் நகர்க்காரனுக்கு அது புரியாதா?

செவ்வாய்

ஒட்டும் வேலை. பசை ஏன் விட்டது என்று யோசித்தால், கிட்டார் ஒரு நாள் வெயிலில் நின்ற காரில் கிடந்தது நினைவுக்கு வருகிறது. உட்சுவர் வழவழப்பான எபாக்சி வேறு. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்து, காயவிட்டு, புதுக் கிளிப்பை ஒட்டி விரலால் அழுத்திப் பிடித்தேன். அதன் பிறகும் தந்தி ஏற்றாமல் இரவு முழுக்க விட்டேன். ஒயரை ஜாக்குக்கு அருகில் தொய்வில்லாமல், ஆனால் இழுவிசையும் இல்லாமல் கொண்டுபோனேன். நடுவில் ஒரு துண்டு ஃபோம் சுற்றினேன்.

உலோகக் கிளிப் வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. கார்பன் மின்சாரம் கடத்தும். ஒயரின் மேலுறை உராய்ந்து உள்கம்பி சுவரைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரில் வேறு விதமான தொல்லை ஆரம்பிக்கும். மேலுறையை முழு நீளமும் பார்த்துவிட்டேன், காயமில்லை.

வியாழன்

தந்தி ஏற்றி, அட்டையை எடுத்துவிட்டு, 80இலிருந்து 400 வரை மறுபடி ஓட்டினேன். முனகல் எங்கும் இல்லை. ஏ தந்தியின் வால் இப்போது நீளமாக, சுத்தமாக இறங்குகிறது.

பலமாக ஸ்ட்ரம் செய்தால் பி தந்தியின் பதினான்காம் ஃப்ரெட்டில் மட்டும் லேசான உரசல். இது நிஜமாகவே ஃப்ரெட் உரசல். தந்தியையும் இடத்தையும் விட்டு நகரவில்லை. ஒரு ஃப்ரெட் முடியளவு உயர்ந்திருக்கலாம். அதை அரம் பிடித்துத் தேய்ப்பது என் கைக்கான வேலையில்லை. அடுத்த மாதம் தந்தி மாற்றும்போது கைதேர்ந்தவரிடம் கொடுக்கலாம். போகும்போது ஃப்ரெட் எண்ணையும் தந்தியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஆக்‌ஷனில் கை வைக்க வேண்டாம் என்றும் சேர்த்து.