அயலார் விழா

தன் வீட்டு விளக்கின் அருமையை அவ்வீட்டில் வாழ்பவன் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அயலார் வீட்டு விளக்கைக் கண்டபோதே அவனுக்குத் தன் விளக்கின் நினைவு வருகின்றது. மணவாள நகரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இவ்வுண்மையைச் சிங்கப்பூரில் உணர்ந்தார்.

மணவாள நகர், திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள ஊராகும். சுற்றுப்புறங்களில் தொழிற்சாலைகள் பெருகியமையால், பல மாநிலத்துத் தொழிலாளரும் அங்கே குடியிருக்கின்றனர். அம்முதியவர் ஆலையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் துறையில் பணிபுரிந்து வந்தான். மகனைக் காணச் சென்ற அவருக்கு, அந்நாட்டின் தேசிய நாளாகிய ஆகஸ்டு 9 அன்று அங்கே தங்கியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது.

தமிழருக்குச் சிங்கப்பூர் புதிய ஊர் அன்று. 1819இல் இராபிள்ஸ் துரையுடன் அங்கு வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் முயற்சியால் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. 1963இல் மலேசியாவுடன் இணைந்த சிங்கப்பூர், 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிந்து தனி நாடு ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் இனக் கலவரங்களால் குருதி சிந்திய மண் அது. ஆதலின், இனமும் மொழியும் சமயமும் மக்களைப் பிரித்தல் ஆகாது என்னும் கருத்தமைந்த உறுதிமொழி 1966இல் வகுக்கப்பட்டது. அதனை ஆக்கியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த தமிழரான எஸ். இராசரத்தினம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே ஆட்சிமொழியாக விளங்குகின்றது.

விழா நாளன்று அடுக்குமாடி வீடுகளின் முகப்பெங்கும் சிவப்பும் வெண்மையும் கலந்த கொடிகள் அசைந்தன. கொடியிலுள்ள பிறை வளரும் இளநாட்டைக் குறிக்கும் என்றும், ஐந்து விண்மீன்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிக்கும் என்றும் மகன் விளக்கினான்.

மாலையில் இருவரும் மரீனா விரிகுடாக் கரையை அடைந்தனர். அணிவகுப்பைக் காண்பதற்குரிய நுழைவுச்சீட்டு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. ஆதலின் அயல்நாட்டுத் தொழிலாளர் பலரோடு அவர்களும் கரையிலேயே நின்றனர். அருகிருந்த சீன மூதாட்டி ஒருவர், முகமலர்ச்சியோடு தம் பாயில் அவர்களுக்கு இடமளித்தார். பெருங்கொடியைத் தாங்கிய ஹெலிகாப்டர் வானில் மெல்லச் சென்றது.

உறுதிமொழிக்குரிய நேரம் வந்தது. கைப்பேசியில் அணிவகுப்பைக் கண்டிருந்த மக்கள் எழுந்து, வலக்கையை மடக்கி இடப்பக்க நெஞ்சில் வைத்தனர். சீன மூதாட்டியும், மலாய்த் தாயொருத்தியும், தமிழ்ச் சிறுமியொருத்தியும் ஒருங்கே அதனைக் கூறினர். பின்னர் மலாய் மொழியில் அமைந்த நாட்டுப்பண்ணை அனைவரும் பாடினர். முதியவரும் மரியாதையோடு எழுந்து நின்றார்.

பாடி முடித்த சிறுமி அவரை நோக்கி, “தாத்தா, உங்கள் நாட்டின் விழா என்று வரும்?” என்று வினவினாள்.

“ஆகஸ்டு 15 அன்று, அம்மா.”

“அன்று நீங்கள் என்ன செய்வீர்கள்?”

முதியவர் மறுமொழி கூறவில்லை. 1947இல் பெற்ற விடுதலையைப் போற்றும் அந்நாளைத் தாம் வெறும் ஓய்வு நாளாகவே கழித்ததும், தெருமுனைப் பள்ளியில் கொடியேறும் வேளையில் உறங்கிக் கிடந்ததும் அவர் நெஞ்சை உறுத்தின. மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. தம் மகன் இங்கு அயலானாக வாழ்வது போன்றே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் சிலர் தம் பக்கத்து வீட்டில் வாழ்கின்றனர். அவர்களை ஒரு நாளேனும் தம் திண்ணைக்கு அழைத்ததுண்டா? அவர்கள் பெயரையேனும் கேட்டதுண்டா?

ஆகஸ்டு 14 அன்று அவர் ஊர் திரும்பினார். மறுநாள் விடியலில் எழுந்து நீராடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மொழி துணை செய்யவில்லை. கைச்சைகையால் அவ்விளைஞரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். மூவண்ணக் கொடி ஏறியது. வங்கக் கவிஞர் தாகூர் இயற்றிய நாட்டுப்பண்ணை அவர்கள் ஒருங்கே பாடினர். அப்பாடல் முதியவரின் தாய்மொழியில் அமைந்ததன்று. அவ்விளைஞரின் தாய்மொழியில் அமைந்ததுமன்று. எனினும் அதனைத் தம்முடையதன்று என எண்ணியவர் அங்கு ஒருவரும் இலர்.

விழா முடிந்தபின், முதியவர் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டறிந்தார்.